வேன் ஜன்னலைத் திறக்கச் சொன்னோமா?

2022 மார்ச் 5-ஆம் தேதி இரவு, எங்கள் கேமரன் மலைத் தோட்டத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் 33,406 என்ற எண் வந்து விழுந்தது. ஒரே நாளில் மலேசியா முழுக்க அத்தனை பேருக்குக் கோவிட். நோய் வந்த நாளிலிருந்து அதுவரை அவ்வளவு பெரிய எண்ணை நாம் பார்த்ததில்லை. அதற்குக் கீழே வரிசையாக அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். பிறகு ஓர் அம்மாவின் குரல் பதிவு: "21-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறக்குறாங்களாமே, எந்த நம்பிக்கையில பிள்ளைய அனுப்புறது?"

நியாயமான கேள்விதான். எனக்கும் அதே பயம் உண்டு. இளையவள் அந்த 21-ஆம் தேதி திங்கட்கிழமை மூன்றாம் ஆண்டுக்குப் போகிறாள், மூத்தவன் முதலாம் படிவத்துக்கு. வீட்டில் சர்க்கரை நோயோடு மாமியார் இருக்கிறார். பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனாலும் இந்த இரண்டு வருடமாக அந்தப் பயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் என்னென்ன செய்து வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால், நமக்குள் உட்கார்ந்து உரிமையோடு சிலவற்றைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைகள் மேல் நமக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தப் பாசத்தோடு கொஞ்சம் கண்ணையும் திறந்து வைத்திருந்தோமா?

அந்த 5-ஆம் தேதி சனிக்கிழமை. பள்ளி விடுமுறை வேறு. கம்போங் ராஜாவிலிருந்து பிரிஞ்சாங் வரைக்கும் வெளியூர்க் கார்கள் நகர முடியாமல் நின்ற நாட்களில் அதுவும் ஒன்று. நம்மில் ஒருவர் ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்தார். ஒருவர் தேயிலைக் கடையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் ஹோட்டலில் நேற்று யாரோ படுத்துப் போன அறையின் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தார். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த முகங்களுக்கு எதிரே காலையிலிருந்து சாயந்திரம் வரை நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கையைக் கழுவி, சாப்பிட்டு, பிறகுதான் குழுவில் அந்த எண்ணைப் பார்த்தோம். பார்த்ததும் நம் மனசு எங்கே போனது? பள்ளிக்கூடத்துக்கு. ஏன் அங்கே மட்டும்?

நம் மலையின் அமைவிடத்தை யோசித்துப் பாருங்கள். கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருந்தாலும், நாம் வழக்கமாக இறங்கிப் போகும் இரண்டு சாலைகளுமே பேரா மாநிலத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. ரிங்லெட் வழியாகப் போனால் தாப்பா, கம்போங் ராஜா வழியாகப் போனால் சிம்பாங் பூலாய். மாநில எல்லை மூடிக்கிடந்த காலத்தில் மலை தனித்துக் கிடந்தது, வியாபாரம் படுத்துவிட்டது. 2021 அக்டோபர் 11-ஆம் தேதி அந்தத் தடையை நீக்கினார்கள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4-ஆம் தேதி. இடைப்பட்ட வாரங்களில் ஈப்போ லிட்டில் இந்தியாவின் ஜவுளிக் கடைகளில் நம் தோட்டத்து ஆட்களைத்தான் பார்த்தேன். பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, தோளில் சட்டையை வைத்து அளவு பார்த்தோம். "பெருசா எடு, அடுத்த வருசமும் போடலாம்" என்றோம். கூட்டம் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது.

அதே அக்டோபரில்தான் பள்ளிகளும் கட்டம் கட்டமாகத் திறந்தன. அனுப்ப மனமில்லாத பெற்றோர் பள்ளிக்குத் தெரிவித்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், எச்சரிக்கைக் கடிதம் வராது என்று கல்வியமைச்சு சொன்னது. நல்ல எண்ணத்தில் கொடுத்த சலுகை. நம்மில் எத்தனையோ பேர் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தோம். தீபாவளிச் சட்டைக்குக் கூட்டத்தில் நின்ற அதே பிள்ளைக்காக எழுதிக் கொடுத்தோம். ஈப்போ ஜவுளிக் கடையில் பிடிக்காத நோய், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்காரும் தோட்டத்துப் பள்ளி வகுப்பறையில் மட்டும் பிடிக்குமா?

நோயைச் சின்னதாகக் காட்ட நான் இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது காய்ச்சல், சளி என்று வந்து போய்விடுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி இல்லை. இழுப்பு உள்ள பிள்ளைகள் நம் குளிரில் ஏற்கெனவே படும் பாடு நமக்குத் தெரியும். இதயக் கோளாறோ, ரத்த நோயோ உள்ள பிள்ளையை வைத்திருக்கும் வீடுகளும் நம் தோட்டத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டார் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, "கொஞ்ச நாள் பொறுத்து அனுப்புகிறேன்" என்றால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நான் பேசுவது மற்ற நம்மைப் பற்றி. ஆபத்தை எடைபோடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கைக்கு எட்டிய ஒன்றை மட்டும் தட்டில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் தரையிலேயே விட்டுவிட்ட நம்மைப் பற்றி.

தரையில் விட்டது என்ன என்றால், முதலில் அந்த வேன்.

விடியற்காலை ஆறே கால். மூடுபனி இன்னும் கலையாத நேரம். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் நம்முடையது, அந்த நேரத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து முச்சந்தியில் வேன் வந்து நிற்கிறது. பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக ஏறுகிறார்கள். ஏறியதும் ஓட்டுநர் செய்கிற முதல் வேலை, எல்லா ஜன்னலையும் இழுத்துச் சாத்துவது. சாத்தச் சொன்னதே நாம்தான். "பிள்ளைங்களுக்குக் குளிரும் அண்ணே, கொஞ்சம் சாத்திடுங்க." கண்ணாடி முழுக்க ஆவி படிய, வளைவுக்கு வளைவு அரை மணி நேரம் அந்த வேன் போகிறது. பள்ளிக்குப் போனதும் ஆசிரியர் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடம் நடத்துகிறார். சாயந்திரம் நாம் அந்த ஆசிரியருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறோம்: "டீச்சர், பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு, ஜன்னல கொஞ்சம் மூடி வைங்க."

இந்த நோய் மூச்சுக் காற்றில் பரவுகிறது, மூடிய இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது என்று இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்ட நாம் சோப்புக்கும் கைச்சுத்திகரிப்பானுக்கும் காசு செலவழித்தோம், பள்ளிப் பையைக்கூட ஸ்பிரே அடித்துத் துடைத்தோம். காசில்லாமல் செய்யக்கூடிய ஒரே வேலை ஜன்னலைத் திறப்பது. அதை எத்தனை பேர் செய்தோம்? ஒரு ஸ்வெட்டர் கூடுதலாகப் போட்டு அனுப்பினால் முடிந்துபோகிற விஷயம் இது. இன்னொன்றும் சொல்கிறேன். நம் ஊர்த் தூறலில் நனைந்த முகக்கவரியை அப்படியே மதியம் வரை போட்டிருக்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஈரமான கவரிக்குள் மூச்சுவிட முடியாமல் மூக்குக்குக் கீழே இறக்கி விட்டுக்கொள்கிறார்கள். உடனே "சொன்னா கேக்க மாட்ட" என்று திட்டு விழுகிறது. பையில் காய்ந்த கவரி இன்னும் இரண்டை மடித்து வைத்து அனுப்பியிருந்தால் அந்தத் திட்டுக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்தது, நம் வீட்டுக்குள் நாம் பேசுகிற பேச்சு. என்னைக் கேட்டால், வேனைவிட இது பெரிது.

இரவுச் சாப்பாட்டு நேரம். பாட்டி மூலையில் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளை பள்ளியைப் பற்றி ஆசையாக ஏதோ சொல்ல வாயெடுக்கிறது. நாம் சொல்கிறோம்: "போறது சரி. அங்கேருந்து நீ எதையாச்சும் வாங்கிட்டு வந்தா, பாட்டி உயிருக்கு நீதான் பதில் சொல்லணும்." எச்சரிக்கை செய்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு மனுஷியின் உயிரைத் தூக்கி வைக்கிறோம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. இந்தப் பேச்சைப் பேசாத வீடு நம் லயத்தில் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

உண்மையில் நோய் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்று பார்ப்போம். தோட்டம் என்றைக்கு நின்றது, சொல்லுங்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதும், நிபந்தனைகளோடு தோட்டங்களை வேலை செய்ய விட்டார்கள். கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது, நாள் தவறினால் முற்றிப்போகும். இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிரையில் நடந்தது நாம். தொழிற்சாலையில் ஷிப்ட் மாறியது நாம். காய்கறி லாரியில் ஏறிப் பெரிய சந்தைகளுக்குப் போய் வந்தது நம் வீட்டு ஆண்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் வீட்டுப் படியைத் தாண்டவில்லை. தோட்டத்து வீடுகளுக்கு நோய் வந்தபோது அது பெரும்பாலும் பெரியவர்களின் வேலைச் சட்டையோடுதான் வந்தது. ஆனால் "நீதான் பதில் சொல்லணும்" என்ற வார்த்தையை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோமா? லாரி ஓட்டிவிட்டு வந்த அப்பாவிடம் யாராவது அப்படிச் சொன்னோமா? பிள்ளையிடம் மட்டும் எப்படி அவ்வளவு சுலபமாக வாய் வந்தது?

இதன் பலன் என்ன தெரியுமா? பயந்த பிள்ளை மறைக்கிறது. தொண்டை வலித்தால் சொல்வதில்லை. இருமல் வந்தால் கழிவறைக்குள் போய் இருமிவிட்டு வருகிறது. உடம்பு சுடுகிறதா என்று தொட வந்தால் நெற்றியை நகர்த்திக்கொள்கிறது. முதல் நாளே வாய் திறந்து சொல்லியிருந்தால் பாட்டியை அடுத்த வீட்டு அறைக்கு மாற்றியிருக்கலாம். நம் மிரட்டல் அந்த வாயை மூடிவிட்டது. பாட்டியைக் காப்பாற்ற நாம் சொன்ன வார்த்தையே பாட்டிக்கு எமனாக முடியக்கூடும்.

பிள்ளைகள் மட்டும்தான் மறைக்கிறார்களா? திங்கட்கிழமை காலையில் பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் சுடுகிறது. அன்றைக்கு விடுப்பு எடுத்தால் நாள் சம்பளம் போகும். பரிசோதனைக் குச்சியை மூக்கில் விட்டு இரண்டு கோடு விழுந்துவிட்டால், ஒரு வாரம் பத்து நாள் யாராவது பிள்ளையோடு வீட்டில் இருந்தாக வேண்டும். ஆகவே பரிசோதனையே வேண்டாம் என்று முடிவு செய்கிறோம். ஒரு பெனடால் கொடுத்து, முகம் கழுவிவிட்டு, வேனில் ஏற்றிவிடுகிறோம். இதில் இருக்கிற ஏழ்மை எனக்குப் புரிகிறது. நம்மில் யாரும் சொகுசுக்காக இதைச் செய்வதில்லை. ஆனால் குழுவில் "பள்ளிக்கூடம் பாதுகாப்பா?" என்று கேட்கிறவர்களும், பெனடால் கொடுத்து அனுப்புகிறவர்களும் நாமேதான். பள்ளிக்கூடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் முதல் கதவு நம் வீட்டு வாசல். அந்த வாசலில் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ, பள்ளியும் அப்படித்தான் இருக்கும். சம்பளம் போகிற கஷ்டத்துக்கு வழி தேட வேண்டுமானால் நாலு பேர் சேர்ந்து பெரிய கிராணியிடம் பேசலாம், தோட்ட நிர்வாகத்திடம் பேசலாம், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை முன்னால் நிறுத்தலாம். காய்ச்சலில் இருக்கிற பிள்ளையை முன்னால் நிறுத்தக் கூடாது.

தடுப்பூசி விஷயத்திலும் நம்மிடம் இதே கதைதான். 5 வயதிலிருந்து 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான திட்டத்தை அரசாங்கம் 2022 பிப்ரவரி 3-ஆம் தேதி தொடங்கியது. பெரியவர்களுக்குப் போடுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் பைசர் ஊசியில் பிள்ளைகளுக்கு. இரண்டு ஊசிக்கும் இடையே எட்டு வாரம் விட வேண்டியிருந்தது. மார்ச் நடுவில் போட்டாலும் இரண்டாவது ஊசி மே மாதம்தான். இது தெரிந்தும் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றே தள்ளிப்போடுகிறோம். கட்டாயம் இல்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டதால் அது அவசியமில்லை என்று எடுத்துக்கொண்டோம். நமக்கு ஊசி வந்தபோது மைசெஜாத்ரா செயலியில் நாள் கிடைத்ததா கிடைத்ததா என்று மணிக்கொரு தரம் பார்த்தவர்கள்தானே நாம்? பயம் இருந்தால் தானா ராத்தா மருத்துவமனையில் மருத்துவரிடம் நேரே கேளுங்கள், இழுப்பு இருக்கிறது, ஒவ்வாமை இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பள்ளியைக் கண்டு பயந்துகொண்டே, பள்ளிக்கு முன் போடக்கூடிய கவசத்தையும் வேண்டாம் என்பது என்ன கணக்கு?

இனி, வீட்டில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்ற நம் நம்பிக்கைக்கு வருவோம்.

என் மகளின் கணக்கையே சொல்கிறேன். 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். மார்ச் நடுவில் பள்ளி மூடியது. ஜூலையில் திறந்தது, நவம்பரில் மறுபடி நாடு முழுக்க மூடினார்கள். 2021 மார்ச்சில் திறந்து, மே மாதத்தில் திரும்ப மூடினார்கள். அக்டோபருக்குப் பிறகு சுழல்முறையில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் முழுதாக ஒரு கல்வியாண்டு தேறுமா? இவளை மூன்றாம் ஆண்டு மாணவி என்கிறோம். அடுக்கு மொழியை வாய் நிறையச் சொல்வாள், ஆனால் 'ழ'கரம் வரும் சொல்லைப் பலகையில் பார்த்தால் என் முகத்தைப் பார்க்கிறாள்.

இடைப்பட்ட மாதங்களில் இல்லிருப்புக் கற்றல் நடந்ததே என்பீர்கள். நடந்தது. காலை ஒன்பது மணிக்கு ஆசிரியர் பாடம் அனுப்புவார். கைத்தொலைபேசி அப்பாவோடு மலைக்குப் போயிருக்கும். சாயந்திரம் அது வீட்டுக்கு வரும்போது மின்கலம் செத்திருக்கும், மின்னேற்றி முடிய ஏழு மணி. அதற்குள் அண்ணனுக்கும் தங்கைக்கும் யார் முதலில் என்று சண்டை. சமிக்ஞை கிடைக்க வேண்டுமென்றால் சாலை வளைவு வரைக்கும் ஏற வேண்டும். 2020 ஏப்ரலில் கல்வியமைச்சு நாடு முழுக்க எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரிந்தது. சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து நாடே உச்சுக் கொட்டியது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் மரத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டில் வைத்துக்கொள்வதற்கு விலையே கிடையாது என்பதுபோல் நடந்துகொண்டோம். அந்த விலையை யார் கட்டினார்கள்?

கொஞ்சம் பெரிய பிள்ளைகளைப் பாருங்கள். நான்காம் படிவம், ஐந்தாம் படிவம் படிக்க வேண்டிய பையன்கள் பள்ளி மூடிக்கிடந்தபோது "சும்மாதானே இருக்கான்" என்று காய்கறித் தோட்டத்துக்கு நாம்தான் அனுப்பினோம். பையில் நாலு வெள்ளி வந்தது. கையில் சொந்த தொலைபேசி வந்தது. பள்ளி திறந்தபோது சீருடை அவனுக்குச் சின்னதாகிவிட்டது, அவனும் பள்ளிக்குப் பெரியவனாகிவிட்டான். 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூலை வரை நாட்டில் 21,316 மாணவர்கள் பள்ளியை விட்டு நின்றுவிட்டதாகக் கல்வியமைச்சு சொன்ன கணக்கில் இப்படிப்பட்ட பையன்களும் அடக்கம். தொற்று எண்ணிக்கையைத் தினமும் குழுவில் போட்டோம். இந்த எண்ணை யார் போட்டது?

உலகத்தில் பலரும் இதைப் போட்டு உருட்டித்தான் பார்த்தார்கள். சுவீடன் சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளை 2020-இல் மூடவே இல்லை. உகாண்டா கிட்டத்தட்ட இரண்டு வருடம் மூடி வைத்துவிட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. நாம் இரண்டுக்கும் நடுவில் திறந்தும் மூடியும் அல்லாடினோம். அதில் முடிவெடுத்தது அரசாங்கம், நம் கையில் இருக்கவில்லை. பள்ளி திறந்திருந்த மாதங்களிலும் பிள்ளையை வீட்டில் வைத்தது மட்டும் நம் கையில் இருந்தது.

இத்தனைக்கும் பிறகு, அனுப்புவது என்று மனதைத் தேற்றிக்கொண்ட வீடுகளில் இப்போது என்ன நடக்கிறது? அதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

"ரெண்டு வருசம் போச்சு. இனிமே விளையாட்டு, டிவி, ஒண்ணும் கிடையாது." இது என் வீட்டிலும் கேட்ட குரல்தான். விடுமுறை முடியுமுன்பே பிரத்தியேக வகுப்புக்குச் சேர்த்துவிட்டோம். தமிழுக்கு ஒன்று, மலாய்க்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. எங்கே நடக்கிறது அந்த வகுப்பு? யாரோ ஒருவர் வீட்டு முன்கூடத்தில், பதினைந்து இருபது பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டிப் பாயில் உட்கார்ந்து, குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு. பள்ளிக்கூடம் ஆபத்து என்று கடிதம் கொடுத்த வீட்டுப் பிள்ளையும் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறது! ஆபத்தைப் பற்றி நமக்கு இருந்த பயம், மதிப்பெண்ணைப் பற்றிய பயம் வந்ததும் எங்கே ஓடிப்போனது?

மூத்தவன் ஆறாம் ஆண்டில் இருந்தபோதுதான், 2021 ஏப்ரலில், ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வையே எடுத்துவிட்டதாக அப்போதைய கல்வியமைச்சர் ரட்சி ஜிடின் அறிவித்தார். 1988-இலிருந்து நடந்து வந்த தேர்வு. அதற்கு முந்திய ஆண்டு நோயினால் நடக்கவில்லை, பிறகு ஒரேயடியாகப் போய்விட்டது. இனி வகுப்பறையிலேயே ஆண்டு முழுக்க மதிப்பிடுவார்கள் என்றார்கள். பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கழுத்திலிருந்து ஒரு கல் இறங்கியது என்று நாம் மகிழ்ந்திருக்க வேண்டும். என்ன செய்தோம்? "எட்டு ஏ" எடுக்கிற வாய்ப்பு போச்சே என்று புலம்பினோம். பழைய தேர்வுத் தாள்களைத் தேடிப் படியெடுத்துக் கொடுத்தோம். "தேர்வு இல்லாட்டியும் எழுதிப் பாரு." ஆசிரியரிடம் போய், என் பிள்ளை எத்தனையாவது இடம் என்று கேட்டோம். இடமே இல்லாத முறையில் அவர் என்ன சொல்வார், பாவம்?

பிள்ளையின் பக்கம் இருந்து இதைப் பாருங்கள். முதல் வருடம் "வெளியே போகாதே, செத்துவிடுவாய்" என்றோம். இரண்டாம் வருடம் "தொலைபேசியைப் பார்த்துப் படி" என்றோம், பிறகு "எப்போ பாரு தொலைபேசிதான்" என்று திட்டினோம். மூன்றாம் வருடம் "பாட்டி உயிர் உன் கையில்" என்று சொல்லி வேனில் ஏற்றுகிறோம். அதே வாரத்தில் "விட்டதையெல்லாம் ஆறு மாதத்தில் பிடி" என்கிறோம். மூடிய பள்ளிக்கும் பரவிய நோய்க்கும் பிள்ளை எந்த விதத்தில் பொறுப்பு? நாடு தொலைத்த மாதங்களை ஒரு மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஏன் கடனாகத் திருப்பிக் கட்ட வேண்டும்? இந்த இரண்டு வருடத்தில் அவர்களிடம் நாம் ஒரு தடவையாவது கேட்டோமா, "உனக்குப் போக ஆசையா இருக்கா, எதுக்குப் பயப்படுற?" என்று?

நான் கடந்த வாரம் என் மகளிடம் கேட்டேன். நோயைப் பற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு யாரோடயும் விளையாடத் தெரியல மா. போன தடவ போனப்போ எல்லாரும் சும்மா உக்காந்திருந்தோம்" என்றாள். அந்தப் பயம் என் கணக்கில் எங்கேயுமே இல்லை.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தந்தத் தெருவில் படித்தவர்களே தன்னார்வலராகி, சாயந்திரம் ஒன்று ஒன்றரை மணி நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் கணக்குமாகச் சொல்லித் தந்தார்கள். திண்ணையில், மரத்தடியில், கோயில் வாசலில் நடந்தது. அது அரசாங்கத் திட்டம், இங்கே நமக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆனால் நம் தோட்டத்தில் எஸ்பிஎம் தேர்வு முடித்த பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய ஆயாக்கொட்டகைக்கு முன்னால் கூரை போட்ட திறந்த இடம் இருக்கிறது. மூடிய முன்கூடத்தில் மூன்று பாடத்துக்குப் பணம் கட்டுவதற்குப் பதிலாக, காற்று வருகிற அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு அக்கா எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித் தந்து, பிறகு கொஞ்ச நேரம் ஓடிப் பிடித்து விளையாட விட்டால் என்ன? அந்தப் பெண்களுக்கு நாம் கொடுக்கிற சிறு தொகை அவர்கள் மேற்படிப்புக்கும் ஆகும்.

பாட்டியைப் பற்றிய கவலையும் நம்முடைய வேலை, பெரியவர்களின் வேலை. ஊக்கத் தடுப்பூசி போடாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிடுவோம். பிள்ளைக்கு இருமல் வந்தால் பாட்டி எந்த அறையில் படுப்பது, யார் சாப்பாடு கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். பிள்ளையிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "உடம்புக்கு முடியலன்னா உடனே அம்மாகிட்ட சொல்லு, யாரும் திட்ட மாட்டாங்க." சொல்லிவிட்டு, உண்மையிலேயே திட்டாமல் இருக்க வேண்டும்.

மார்ச் 19-ஆம் தேதி சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு எங்கள் லயத்து வேன் ஓட்டுநரைச் சந்தித்துப் பேசப் போகிறோம். ஒரு நடைக்கு எத்தனை பிள்ளைகள், எந்தெந்த ஜன்னல் திறந்திருக்கும், இரண்டாவது நடைக்கு எண்ணெய்க் காசு யார் எவ்வளவு போடுவது என்பதுதான் பேச்சு. நடை ஒன்று கூடினால் அவருக்கும் செலவு, நமக்கும் மாதம் சில வெள்ளி கூடும். அதை இலவசமாகச் செய்யச் சொல்லிக் கேட்கக் கூடாது. மற்ற தோட்டத்துப் பெற்றோர்கள் உங்கள் ஓட்டுநரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள், திங்கட்கிழமை காலை முச்சந்தியில் நின்று பேசினால் நேரம் போதாது. பிள்ளைகளுக்குக் காதை மூடுகிற குல்லாவும் தடித்த ஸ்வெட்டரும் எடுத்து வைத்துவிடுங்கள்.